ஏசி ஆன்லைனில் வாங்குவதா, பக்கத்துக் கடையிலா? நான் செய்த தவறும் நீங்கள் செய்யக்கூடாதவையும்

கத்திரி வெயில் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போதுதான் மதுரையில் எங்கள் வீட்டுக்கு ஏசி தேட ஆரம்பித்தேன். அதுவே முதல் தவறு. அந்த நேரத்தில் கடைக்காரரும் இறங்கி வரமாட்டார், மாட்டுகிற ஆளும் கைக்குச் சிக்கமாட்டார். தை, மாசியில் வாங்குபவர்கள் புத்திசாலிகள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஒன்றரை டன், 3 ஸ்டார், இன்வெர்ட்டர் ஏசி. பக்கத்துக் கடையில் 41,500 ரூபாய் சொன்னார்கள். அதே கம்பெனி ஏசி ஆன்லைனில் கார்டு தள்ளுபடி போக 38,300. மூவாயிரத்து இருநூறு ரூபாய் மிச்சம் என்று உடனே ஆர்டர் போட்டுவிட்டேன். மூன்றாம் நாள் பெட்டி வந்தது, ஐந்து நாள் கழித்து மாட்டுகிற தம்பி வந்தார். வந்தவர் சுவரையும் மொட்டை மாடியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அண்ணே, கூட வந்த மூணு மீட்டர் பைப்பு பத்தாது, இன்னும் நாலு மீட்டர் வேணும்" என்றார். மீட்டர் 900 வீதம் 3,600. மாட்டுக்கூலி 1,500, வெளியே நிற்கும் பெட்டியான அவுட்டோருக்கு ஸ்டாண்ட் 900, சுவரில் துளை போடவும் தண்ணீர் வெளியேறும் குழாய்க்கும் 500. எல்லாம் சேர்த்து 44,800 ஆனது. கடைக்காரர் சொன்ன விலையில் மாட்டுக்கூலி, ஸ்டாண்ட், துளை எல்லாம் அடக்கம், கூடுதல் பைப் மட்டும் மீட்டருக்கு 700. அவரிடம் வாங்கியிருந்தால் 44,300-இல் முடிந்திருக்கும். நானோ பெட்டியின் விலையை மட்டும் ஒப்பிட்டிருக்கிறேன்.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். டிவி, ஃபிரிட்ஜ் போல ஏசி முழுதாக முடிந்து வரும் பொருள் இல்லை. கம்பெனி அனுப்புவது பாதி, உங்கள் வீட்டுச் சுவரில் செம்புக் குழாயை இணைத்து முடிப்பது மீதி. அந்த மீதிப் பாதியை யார் செய்கிறார், கெட்டால் யார் வந்து நிற்பார் என்று கேட்காமல் வாங்கினால் எங்கே வாங்கினாலும் சிக்கல்தான். ஆகவே விலை கேட்கும்போது, "மாட்டி ஓடவிட்டுக் கொடுக்க மொத்தம் எவ்வளவு, எத்தனை மீட்டர் பைப் அடக்கம், அதற்கு மேல் மீட்டர் என்ன விலை, செம்பா அலுமினியமா" என்று கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள். இன்டோர் மாட்டும் இடத்திலிருந்து அவுட்டோர் நிற்கும் இடம் வரை ஒரு கயிறு பிடித்து அளந்து பார்த்தால் பைப் கணக்கு உங்களுக்கே தெரிந்துவிடும்.

விலையில் போனது ஐந்நூறு ரூபாய்தான், அது கிடக்கட்டும். பெரிய அடி அதற்கப்புறம் விழுந்தது. அந்தத் தம்பி வேக்கம் பம்ப் கொண்டுவரவில்லை. குழாயின் முனையை விரித்து (அதைத்தான் ஃபிளேர் என்பார்கள்), நட்டை முறுக்கி, அவுட்டோர் வால்வை லேசாகத் திறந்து இன்னொரு முனையில் 'உஸ்' என்று கொஞ்சம் காஸை வெளியே விட்டார். குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்றுகிறாராம். எனக்கு அப்போது அதில் தப்பு தெரியவில்லை, பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன். குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுப்பதுதான் முறை, அதற்குக் கால் மணி முதல் அரை மணி நேரம் பிடிக்கும். காஸை விட்டு விரட்டினால் ஈரம் உள்ளேயே தங்கும், கம்பெனி அளந்து நிரப்பிய காஸும் குறையும். போதாததற்கு, இப்போது புது ஏசிகளில் அதிகம் வரும் ஆர்32 லேசாகத் தீப்பிடிக்கக் கூடிய காஸ், வீட்டுக்குள் விளையாட்டாகத் திறந்துவிடும் சமாச்சாரம் இல்லை. எங்கள் ஏசியில் மூன்று வாரத்தில் மெல்லிய குழாயின் மேல் பனி படிய ஆரம்பித்தது, அறை குளிரவில்லை. காஸ் குறைந்தால் இப்படித்தான் ஆகும்.

சரி, திருப்பி அனுப்பலாம் என்று பார்த்தால் மாற்றித்தரும் பத்து நாள் கெடு முடிந்திருந்தது. அந்தக் கெடு பெட்டி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஓட ஆரம்பிக்கிறது, மாட்டிய நாளிலிருந்து இல்லை. மாட்டுகிறவர் வருவதற்கே ஐந்து நாள் போனால் சோதித்துப் பார்க்க மிஞ்சுவது ஐந்து நாள். விற்ற இடத்தில் கேட்டால் கம்பெனியைக் கேளுங்கள் என்கிறார்கள். கம்பெனியோ மாட்டியவர் தங்கள் ஆள் இல்லை, மாட்டியதில் வந்த கசிவு வாரண்டியில் வராது என்கிறது. கடைசியில் கைக்காசு போட்டுத்தான் காஸ் நிரப்பினேன். அதனால் ஆன்லைனில் வாங்குவதென்றால் ஆர்டர் போடும் முன்பே கம்பெனியின் சேவை எண்ணுக்குப் பேசி, உங்கள் பின்கோடுக்கு அவர்களே ஆள் அனுப்பி மாட்டுவார்களா, எத்தனை நாளில் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டியை நீங்களாகப் பிரிக்காதீர்கள், வருகிற ஆள் முன்னால் வீடியோ எடுத்தபடி பிரியுங்கள். இன்டோர், அவுட்டோர் இரண்டின் சீரியல் எண்ணும் பில்லோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

இதைப் படித்துவிட்டு, அப்போ கடைதான் நல்லது என்று கிளம்பிவிடாதீர்கள். கடையில் வேறு வகைப் பள்ளங்கள். போன வருடச் சரக்கை இந்த வருட விலைக்குத் தள்ளுவது அதில் ஒன்று. ஸ்டார் அளவுகோலை, அதை வகுக்கும் மத்திய அரசு அமைப்பான பி.இ.இ. அவ்வப்போது கடுமையாக்குகிறது. 2022 ஜூலையில் அப்படி மாறியது, 2026 ஜனவரியில் மறுபடி மாறியது. ஆகவே பழைய லேபிளில் 5 ஸ்டார் என்று இருப்பது புதிய கணக்கில் அந்த 5 ஸ்டார் ஆகாது. ஸ்டாரை எண்ணாதீர்கள். லேபிளில் ஐ.எஸ்.இ.இ.ஆர். என்று ஓர் எண்ணும் (தின்கிற கரண்டுக்கு எவ்வளவு குளிர் தருகிறது என்ற கணக்கு, கூடினால் நல்லது), வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று ஓர் எண்ணும் இருக்கும், அவற்றை ஒப்பிடுங்கள். அந்த யூனிட் கணக்கு வருடத்துக்கு 1600 மணி நேரம் ஓடுவதாக வைத்துப் போட்டது, அதாவது தினம் எட்டு மணி நேரம், 200 நாள். நம் ஊரில் பங்குனியிலிருந்து புரட்டாசி வரை இரவு போட்டுக்கொண்டு படுப்பவர்களுக்கு ஏறக்குறைய அதுவே கணக்கு. தமிழ்நாட்டு மின்கட்டணத்தில் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் சேர்த்து விலை ஏறும் என்பதால், அந்த எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு நூறு யூனிட் வித்தியாசமும் பெரிய வித்தியாசம்தான்.

டன் விஷயத்தில் இரண்டு இடத்திலும் ஏமாற வாய்ப்பு உண்டு. ஒரு டன் என்றால் மணிக்கு 12,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு), சுமார் 3,500 வாட் குளிர்விக்கும் திறன். அந்தக் கணக்கில் ஒன்றரை டன் என்பது 5,270 வாட்டுக்குப் பக்கத்தில் வரவேண்டும், ஆனால் ஒன்றரை டன் என்ற பெயரில் 4,800 வாட்டுக்கும் ஏசிகள் விற்கின்றன. விவரப் பட்டியலில் முழுத்திறன் எத்தனை வாட் என்று பாருங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே, மேற்குச் சுவரில் வெயில் அடிக்கும் அறை என்றால் இந்த வித்தியாசம் மதியமே தெரிந்துவிடும். "உங்க ரூமுக்கு ஒரு டன்னே தாராளம் சார்" என்று அறையைப் பார்க்காமலேயே சொல்லும் கடைக்காரரையும் நம்பவேண்டாம்.

அப்புறம் இந்த "பில் வேணாம்னா கொஞ்சம் குறைச்சுக்கலாம்" பேச்சு. 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கு ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாக ஏற்கெனவே குறைந்துவிட்டது, அதனால் பில்லை விட்டு மிச்சம் பிடிப்பதும் முன்பைவிடக் குறைவுதான். பில் இல்லாவிட்டால் கம்ப்ரஸருக்குப் பத்து வருட வாரண்டி என்று அட்டையில் அச்சடித்திருந்தும் பிரயோஜனம் இல்லை. பில் இருந்து ஏமாற்றப்பட்டால், ஆன்லைனோ கடையோ, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் சொல்லலாம். அதிலும் தீரவில்லை என்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. நான் போடவில்லை. சோம்பேறித்தனம்தான், வேறென்ன.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. திருவான்மியூரோ தூத்துக்குடியோ, உப்புக்காற்று அவுட்டோரைத் தின்றுவிடும். அதன் உள்ளே இருக்கும் சுருள் குழாயான காயிலுக்குத் துருத் தடுப்புப் பூச்சு உண்டா என்று கேளுங்கள்.

போன வருடம் இரண்டாவது ஏசியைப் பக்கத்துக் கடையில் வாங்கினேன். விலை பேசுவதற்கு முன்பு நான் கேட்ட முதல் கேள்வி, மாட்ட வருகிறவர் வேக்கம் பம்ப் கொண்டுவருவாரா என்பதுதான். கடைக்காரர் ஒரு மாதிரி என்னைப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கீங்களே" என்று சிரித்தார். வந்தவர் பம்பை மாட்டி ஓடவிட்டு, அழுத்தம் காட்டும் கேஜில் முள் இறங்குவதைக் காட்டி, நிறுத்தியபின் அது மேலே ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஒரு டீ குடித்து முடித்தார்.