எடுப்பது சுலபம், திரும்ப வைப்பது? வீட்டை ஒழுங்குபடுத்தும்போது நாம் செய்யும் தவறுகள்

சில வருடங்களுக்கு முன் ஒரு விடுமுறை நாள் முழுவதையும் சமையலறைக்குக் கொடுத்தேன். அலமாரிகளைக் காலி செய்து, துடைத்து, மாவு, சர்க்கரை, உப்பு, பொடிகள் என எல்லாவற்றையும் ஒரே மாதிரியான கண்ணாடி டப்பாக்களில் கொட்டி வரிசையாக அடுக்கினேன். படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்பவும் செய்தேன். மூன்றாவது வாரம் பார்த்தால், மேடை மேல் பழையபடி வாய் பிரித்த பாக்கெட்டுகள். இரண்டு டப்பாக்களில் எது எந்த மாவு என்பதை முகர்ந்து பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

சோம்பல்தான் காரணம் என்று முதலில் என்னையே திட்டிக்கொண்டேன். அப்புறம் கொஞ்சம் கவனித்தபோது விஷயம் வேறு என்று தெரிந்தது. ஒரு பொருளை எடுக்கும்போது தேவை நம்மைத் தள்ளுகிறது. மூன்று டப்பாவை நகர்த்தியாவது, ஸ்டூல் போட்டு ஏறியாவது எடுத்துவிடுவோம். வேலை முடிந்து திரும்ப வைக்கும்போது தள்ளுவதற்கு யாரும் இல்லை. அதனால்தான் பொருள் மேடையிலேயே தங்கிவிடுகிறது. எனவே ஒரு பொருளுக்கு இடம் தேடும்போது நான் இப்போது கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: கை ஈரமாக இருக்கும்போதும், பாதித் தூக்கத்திலும் இதை இங்கே கொண்டுவந்து வைப்பேனா? பின்வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியைக் கேட்காததால் வந்தவை.

டப்பாவை முதலில் வாங்குவது

ஒழுங்குபடுத்த வேண்டும் என்று தோன்றியதும் பலரும் கடைக்குத்தான் ஓடுகிறார்கள். வீட்டில் என்ன இருக்கிறது, அதில் எது வேண்டாதது, மிச்சம் எவ்வளவு என்று தெரியும் முன்பே பன்னிரண்டு டப்பா கொண்ட செட் ஒன்று வந்து இறங்கிவிடுகிறது. அப்புறம் டப்பாவுக்கு ஏற்ற பொருளைத் தேட ஆரம்பிக்கிறோம். முதலில் கழிக்க வேண்டும், பிறகு அலமாரியின் ஆழத்தையும் தட்டுகளுக்கு இடையே உள்ள உயரத்தையும் அளக்க வேண்டும். வாங்குவது கடைசி வேலை. பழைய பாட்டில்களை வைத்து ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தால் எந்த அளவு டப்பா எத்தனை வேண்டும் என்று தானே தெரிந்துவிடும்.

அளவில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். ஒரு கிலோ பாக்கெட் வாங்கும் பழக்கம் உள்ளவர் எண்ணூறு கிராம் பிடிக்கும் டப்பா வாங்கினால், மிச்சம் இருநூறு கிராம் ரப்பர் பேண்ட் போட்ட பாக்கெட்டாக வேறு மூலைக்குப் போகும். ஒரே பொருளுக்கு இரண்டு முகவரி. அந்த மூலை ஆறு மாதம் கழித்துத்தான் கண்ணில் படும், பெரும்பாலும் பூச்சியோடு. வாங்கும் பாக்கெட் முழுவதும் கொள்ளாத டப்பா வேண்டவே வேண்டாம். வட்ட டப்பாவை விடச் சதுர டப்பா இடம் மிச்சப்படுத்தும் என்பது சும்மா சொல்வது இல்லை. தன்னைச் சுற்றி வரையக்கூடிய சதுரத்தில் வட்டம் சுமார் 78 சதவீதத்தைத்தான் நிரப்பும். மிச்சம் நான்கு மூலைகளில் வீணாகப் போகிறது.

இன்னொன்று. பாக்கெட்டைக் கொட்டிவிட்டுக் காகிதத்தை எறியும்போது, காலாவதித் தேதி, சமைக்கும் முறை, ஒவ்வாமை எச்சரிக்கை எல்லாம் குப்பைக்குப் போகின்றன. தேதி உள்ள துண்டை வெட்டி டப்பாவின் அடியில் ஒட்டினால் பத்து விநாடி வேலை. பழசு கால் பங்கு இருக்கும்போதே அதன் மேல் புதிதைக் கொட்டும் பழக்கமும் விட வேண்டிய ஒன்று. அடியில் கிடப்பது எத்தனை வருடப் பழசு என்று யாராலும் சொல்ல முடியாது.

கடை போல அடுக்குவது

கரண்டிகள் எல்லாம் ஓரிடம், கோப்பைகள் எல்லாம் ஓரிடம், பொடிகள் எல்லாம் ஓரிடம். பார்க்க நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் கடையில் அப்படி அடுக்குவது தேடி வருபவருக்காக. வீட்டில் யாரும் ‘கோப்பை’ என்று தேடுவதில்லை. காலையில் ஒரு காபி போட வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பொடி ஒரு அலமாரியில், சர்க்கரை எதிர்ப்பக்கம், வடிகட்டி சிங்க் அருகே, கோப்பை மேல் தட்டில் என்றால், கண் திறக்காத நேரத்தில் சமையலறையைச் சுற்றி ஒரு பிரதட்சிணம்.

நூறு வருடங்களுக்கு முன்பே இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் வேலை செய்யும்போது உடல் அசைவுகளை ஆராய்ந்த ஃபிராங்க் கில்பிரெத், கொத்தனார் ஒரு செங்கல் வைக்கச் செய்யும் 18 அசைவுகளை ஏறக்குறைய 5 ஆகக் குறைத்தார். அதில் ஒரு தந்திரம், செங்கல்லைத் தரையில் குவிக்காமல் இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்தது. 1924-இல் அவர் இறந்த பிறகு, அவருடன் சேர்ந்தே இந்த ஆய்வுகளைச் செய்துவந்த மனைவி லில்லியன் கில்பிரெத் அதே பார்வையைச் சமையலறைக்குள் கொண்டுவந்தார். காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத்தொட்டியும், ஃபிரிட்ஜ் கதவின் உட்பக்கத் தட்டுகளும் அவருடைய யோசனைகளாகச் சொல்லப்படுகின்றன.

1926-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காகக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டெ-லிஹோட்ஸ்கி வடிவமைத்த சமையலறை ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். ரயில் உணவுப் பெட்டியின் சமையலறை அதற்கு ஒரு முன்மாதிரி. சர்க்கரை போன்றவற்றுக்குப் பெயர் பொறித்த அலுமினியப் பெட்டிகள். கைப்பிடியும், கொட்டுவதற்கு வாட்டமான மூக்கும் உண்டு. உருவி எடு, கொட்டு, அதே ஓட்டையில் செருகு. மூடி திறக்கும் வேலைகூடக் கிடையாது. என் கண்ணாடி டப்பா வரிசையை நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

1940-களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான கணக்கு ஒன்றும் உண்டு: அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ் மூன்றையும் கோட்டால் இணைத்தால் வரும் முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கமும் 1.2 மீட்டரிலிருந்து 2.7 மீட்டருக்குள் இருக்கட்டும் என்பது. கட்டி முடித்த வீட்டில் சிங்க்கை நகர்த்த முடியாது, சரி. பொருட்களை நகர்த்தலாமே. காபிக்கு வேண்டிய அத்தனையும் ஒரே தட்டில் இருக்கட்டும். காய் நறுக்கும் பலகை, கத்தி, காய்கழிவுக் கிண்ணம் மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இதற்காக இரண்டாவது கரண்டியோ கத்தரிக்கோலோ தேவைப்பட்டால் வாங்கிவிடுங்கள். ‘ஒன்று இருக்கும்போது இன்னொன்று எதற்கு’ என்பது நல்ல கொள்கைதான். ஆனால் எங்கள் வீட்டில் ஒரே ஒரு கத்தரிக்கோல் இருந்த காலத்தில் அது எப்போதும் வேறு அறையில்தான் இருந்தது.

உயரத்துக்கும் இதே விதிதான். தினமும் எடுப்பவை இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவே. வருடத்துக்கு இரண்டு முறை எடுப்பவை உச்சியில். கனமான பாத்திரம் தலைக்கு மேல் வேண்டாம். அது நேரத்தைவிட முதுகுக்கும் மண்டைக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்.

பின்வரிசை என்னும் இருட்டு

ஆழமான அலமாரியில் இரண்டு வரிசையாக வைத்தால் பின்வரிசை மெல்ல மறந்து போகும். இருப்பது தெரியாமல் மறுபடியும் வாங்குவோம். ஒரு முறை நான் அலமாரியைக் காலி செய்தபோது ஒரே பொடியில் பிரிக்காத பாக்கெட்டுகள் மூன்று வெளியே வந்தன. ஆழத்தைக் குறைக்க முடியாவிட்டால், நீளமான தட்டு ஒன்றில் பொருட்களை வைத்து அப்படியே இழுப்பறைபோல இழுத்துக்கொள்ளலாம். புதிதாக வாங்கியது பின்னால், பழையது முன்னால் என்று வைத்தால் தேதி தாண்டிப்போவது தானாகவே குறையும்.

ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய வாணலிகளும் இதே கதைதான். மூன்றாவதை எடுக்க இரண்டைத் தூக்க வேண்டும். கழுவிய பிறகு அதை மூன்றாவது இடத்தில் திரும்பச் செருக யார் மெனக்கெடுவார்? மேலே வைத்துவிட்டுப் போவோம், அடுத்த முறை வேறொன்று அடியில் மாட்டும். வாணலி, தட்டு, மூடி எல்லாவற்றையும் புத்தகம்போல நிமிர்த்தி வைக்க முடிந்தால் பாதிச் சத்தம் குறையும்.

வாங்க வேண்டியவற்றின் பட்டியலில் ஒரு பொருளை எப்போது எழுதுகிறீர்கள்? டப்பா காலியான பிறகு என்றால் தாமதம். கடைசி பாக்கெட்டைப் பிரிக்கும்போதே எழுதிவிடுங்கள். பட்டியலும் பேனாவும் சமையலறையிலேயே தொங்கட்டும். வேறு அறைக்குப் போய் எழுதுவோம் என்று நினைத்தால் போகும் வழியிலேயே மறந்துவிடும்.

அடுப்புக்கு அருகே, ஃபிரிட்ஜுக்கு உள்ளே

கைக்கெட்டும் தூரம் என்றதும் மசாலாப் பொடிகளையும் எண்ணெயையும் அடுப்புக்கு நேர் மேலே வைத்துவிடுவது இயல்பு. இங்கே மட்டும் கையின் வசதி கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். சூடும் வெளிச்சமும் ஈரமும் பொடிகளின் வாசனையைச் சீக்கிரம் குறைத்துவிடும். எண்ணெயும் சிக்கு வாடை அடிக்க ஆரம்பிக்கும். ஒரு எட்டு தள்ளி, மூடிய இழுப்பறை போதும். கொதிக்கும் பாத்திரத்துக்கு மேலே டப்பாவைப் பிடித்து நேரடியாகத் தூவினால் ஆவி உள்ளே போய்ப் பொடி கட்டி தட்டும். பிறகு கரண்டிக் காம்பால் குத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாதீர்கள், சேர்ந்திருந்தால் சீக்கிரம் கெடும். ஆப்பிளும் பழுக்கும் வாழைப்பழமும், காய்கனிகளைப் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயுவை வெளியிடுபவை. பக்கத்தில் கீரை, வெள்ளரி இருந்தால் அவை சட்டென்று மஞ்சளாகும். வாரத்துக்குப் போதும் என்று வாங்கியது மூன்றாம் நாளே குப்பைக்குப் போனால், மறுபடியும் கடைக்குப் போகும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஃபிரிட்ஜில் கதவுப்பக்கம்தான் வெப்பநிலை அதிகம் ஏறி இறங்கும் இடம். பால் அங்கே வேண்டாம், உள்தட்டில் இருக்கட்டும். கதவு ஊறுகாய், சாஸ் வகைகளுக்குப் போதும். பச்சை இறைச்சியும் மீனும் கீழ்த்தட்டில். ஒழுகினாலும் மற்ற உணவில் படாது. உள்ளே 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்து மூன்று நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுவது நல்லது. ஆழமான பாத்திரத்தைவிடத் தட்டையான டப்பாவில் அது சீக்கிரம் குளிரும். ஒரு துண்டு டேப்பில் தேதி எழுதி ஒட்டுங்கள். ‘இது என்றைக்குச் செய்தது?’ என்று வீடே கூடி முகர்ந்து பார்க்கும் சபை கலைந்துவிடும்.

சிங்க்குக்குக் கீழே இருப்பதில் கொஞ்சம் கவனம். சுத்தம் செய்யும் திரவங்களைக் குடிநீர் பாட்டிலில் மாற்றி வைப்பது இடத்தை மிச்சப்படுத்தலாம், உயிருக்கு ஆபத்து. அவை வந்த பாட்டிலிலேயே, குழந்தை எட்டாத இடத்தில் இருக்கட்டும். மருந்துகளுக்குச் சமையலறையும் குளியலறையும் ஏற்ற இடம் இல்லை, இரண்டிலும் சூடும் ஈரமும் அதிகம்.

ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கும் வரைபடம்

சமையலறைக்கு வெளியே தவறுகள் குறைவு, ஆனால் பிடிவாதமானவை. சாவிக்குக் கொக்கி படுக்கையறையில் இருக்கும், சாவியோ வாசல் பக்கத்து மேசையில் கிடக்கும். சாவி எங்கே போய் விழுகிறதோ அங்கே கொக்கியை அடிப்பதுதான் புத்திசாலித்தனம். துணி குவியும் நாற்காலியைத் திட்டிப் பயனில்லை, அதன் பக்கத்திலேயே ஒரு கூடை வையுங்கள். கண்ட சாமானும் சேரும் இழுப்பறை ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும். அதை ஒழிக்க நான் முயன்று தோற்றேன். ஒன்றோடு நிற்கிறதா, அதுவே வெற்றி என்று விட்டுவிட்டேன்.

இவை எல்லாவற்றையும்விட நேரத்தைத் தின்பது, எது எங்கே இருக்கிறது என்பது ஒரே ஒருவருக்குத் தெரிந்திருப்பது. மற்றவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், அவர் எழுந்துபோய் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பார். கடைசியில் ‘இந்த வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது’ என்ற புலம்பல் வேறு. பெயர் எழுதி ஒட்டுவது அழகுக்கு இல்லை, இந்தக் கேள்விகளுக்கான பதில் அது. குழந்தையின் தம்ளரும் தட்டும் குழந்தைக்கு எட்டும் உயரத்துக்கு வந்துவிட்டால் ஒரு நாளைக்குப் பத்து அழைப்புகள் குறையும்.

உங்கள் வீட்டு ஏற்பாடு எப்படி என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. சமையலறைப் பக்கம் அதிகம் வராத ஒருவரை ஒரு காபி போட்டு, எல்லாவற்றையும் எடுத்த இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்காமல், அவர் எத்தனை கதவைத் திறக்கிறார் என்று மட்டும் எண்ணுங்கள். எங்கள் வீட்டில் முதல் முறை ஏழு. அதில் ஒன்று குப்பைத்தொட்டி இருக்கும் அலமாரி. இப்போது இரண்டு, சில நாள் மூன்று. வடிகட்டி மட்டும் இன்னும் எங்கேயாவது போய்விடுகிறது.