மோனோசைட்டைக் காந்தத்தால் பிரிக்கும்போது

மோனோசைட் என்பது ஒரு வகை வெள்ளணு. அதன் மேற்பரப்பில் சிடி14 என்ற புரதம் நிறைய இருக்கும். அதைப் பற்றும் ஆன்டிபாடியை 50 நானோமீட்டர் அளவுள்ள காந்தப் பீடுகளில் (நுண்மணிகளில்) இணைத்து விற்கிறார்கள். ரத்தத்தின் மற்ற வெள்ளணுக்களிலிருந்து மோனோசைட்டை நான் பிரிப்பது இதை வைத்துத்தான். காந்தத்தில் மாட்டிய குழலில் செல்களை ஊற்றினால், பீடு ஒட்டியவை உள்ளே தங்கும், மற்றவை இறங்கிவிடும்.

செல்களைக் கலக்கவும் கழுவவும் வேண்டிய கரைசலான பஃபர் எளிது: பிபிஎஸ் (உப்புக் கரைசல்), 0.5 சதவீதம் பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதம்), 2 மில்லிமோலார் இடிடிஏ (செல்கள் ஒட்டிக்கொள்ளாமல் தடுப்பது). வெற்றிடப் பம்பில் வைத்துக் கரைந்த காற்றை எடுத்துவிட்டு, குளிர வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் குழலுக்குள் குமிழி வந்து ஓட்டத்தை மறிக்கும்.

அடுத்தது வடிகட்டல். செல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒருமுறை அவசரத்தில் 30 மைக்ரான் வடிகட்டியைப் போடாமல் ஊற்றிவிட்டேன். ஐந்தாறு சொட்டு வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. ஒருவர் மனமுவந்து கொடுத்த ரத்தம் அன்று வீணாயிற்று. இன்னும் மனதில் உறுத்துகிறது. இறந்த செல்களும் தொல்லைதான், சிடி14 இல்லாவிட்டாலும் பீடைப் பிடித்துக்கொள்ளும்.

1 கோடி செல்லுக்கு 80 மைக்ரோலிட்டர் பஃபர், 20 மைக்ரோலிட்டர் பீடு. நன்றாகக் கலந்து 15 நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஐஸில் வைத்தால் ஒட்டுவது மந்தமாகும். வெளியே வைத்தால் வேண்டாத செல்லிலும் ஒட்டும். பிறகு பஃபர் ஊற்றி, 300 ஜி விசையில் (புவியீர்ப்பைப் போல 300 மடங்கு) 10 நிமிடம் சுழற்றி, மேல்நீரை எடுத்துவிட்டு 500 மைக்ரோலிட்டரில் கலக்குங்கள்.

பீடு ஒட்டிய செல்கள் 1 கோடிக்குள் இருந்தால் சிறிய குழல் போதும். காந்தத்தில் மாட்டி, முதலில் 500 மைக்ரோலிட்டர் பஃபரால் நனைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் செல்களைக் குழலில் ஊற்றி, மூன்று முறை அதே அளவால் கழுவுங்கள். மேலே இருப்பது முழுக்க இறங்கிய பிறகே அடுத்ததை ஊற்ற வேண்டும். சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும், காத்திருங்கள். தூய்மை இந்தக் கழுவலில்தான் கூடுகிறது.

சரி, இப்போது குழலைக் காந்தத்திலிருந்து கழற்றிப் புது டியூபின் மேல் வையுங்கள். 1 மில்லி பஃபர் ஊற்றி, பிஸ்டனை ஒரே மூச்சில் அழுத்துங்கள். தயங்கித் தயங்கி அழுத்தினால் பாதிச் செல்கள் உள்ளேயே தங்கிவிடும். தூய்மை போதாவிட்டால் இன்னொரு புதுக் குழலில் மறுபடி விடலாம்.

பிரிப்பதற்கு முன் இருந்தது, கழுவி வந்தது, கடைசியாக எடுத்தது என மூன்றிலும் கொஞ்சம் எடுத்து ஃப்ளோ சைட்டோமீட்டரில் (செல்களை ஒவ்வொன்றாக அளந்து வகை பார்க்கும் கருவி) பாருங்கள். அந்த முடிவு வரும்வரை கழுவி வந்த டியூபைக் கொட்ட வேண்டாம். தேடும் செல்கள் சில நேரம் அதில்தான் இருக்கும்.