மஞ்சள் மாத்திரையும் எங்க அப்புச்சியும்

ஈரோட்டு மஞ்சள் வியாபாரி விரலியைக் கையில் எடுத்ததும் பட்டென்று ஒடித்து உள்நிறத்தைப் பார்ப்பார். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. பெருமை இருக்கத்தானே செய்யும். அந்தப் பெருமையில்தான் மஞ்சளையும், அதற்கு நிறம் தரும் குர்குமின் என்ற பொருளையும் ஒன்றாக்கிவிடுகிறோம். நல்ல விரலியிலேயே நூறு கிராமுக்கு மூன்று, நான்கு கிராம்தான் குர்குமின். ஏதோ ஆய்வில் 2 கிராம் குர்குமின் கொடுத்தார்கள் என்று படித்துவிட்டு ரசத்தில் அரை ஸ்பூன் கூடப் போட்டால் ஆச்சா? அந்த அளவுக்கு ஐம்பது, அறுபது கிராம் தூளைத் தின்றாக வேண்டும்.

சோதனைக்குழாயில் கிடைத்த பலனை உடம்புக்கும் பொருத்துவது அடுத்த தவறு. குர்குமின் பல புரதங்களோடும் ஒட்டும், தானே ஒளிரவும் செய்யும்; அதனால் பலன் இருப்பதுபோல் காட்டிப் பரிசோதனையே ஏமாந்துபோகும் என்று 2017இல் வேதியியலாளர்கள் விரிவாக எழுதினார்கள். அமெரிக்க தேசிய முதுமை ஆய்வு நிறுவனத்தின் திட்டத்தில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆயுள் நீளவில்லை, 2013இல் முடிவு வெளியானது.

மனிதர்களில்? 2018இல் கலிஃபோர்னியாவில் 40 பேரிடம் 18 மாதம் நடத்திய சோதனையில் ஞாபகம் ஓரளவு மேம்பட்டது. உடம்பில் எளிதாகச் சேரும்படி தயாரித்த குர்குமின் அது, 90 மில்லிகிராம், இரண்டு வேளை. அல்சைமர் நோயாளிகளிடம் 24 வாரம் நடந்த முந்தைய சோதனையில் பலனே தெரியவில்லை. ஞாபகம் மேம்பட்ட செய்தி மட்டும்தான் வாட்ஸ்அப்பில் சுற்றும்.

எனக்குப் பயமெல்லாம் மிளகுச் சத்து சேர்த்த குர்குமின் மாத்திரைமேல்தான். 1998இல் பெங்களூர் ஆய்வில், மிளகின் காரப்பொருளான பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்ததும் ரத்தத்தில் குர்குமின் இருபது மடங்கு ஏறியது. மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் ஈரலின் வேலையைப் பைப்பரின் மந்தமாக்குகிறது. அப்போது நாம் சாப்பிடும் மற்ற மருந்துகளும் ரத்தத்தில் கூடிப்போகலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கும் எங்க அப்புச்சி இதை மூன்று மாதம் யாருக்கும் சொல்லாமல் விழுங்கியிருக்கிறார். கேட்டால், "மஞ்சளு நம்ம ஊட்டுச் சாமானம், அது என்ன பண்ணிப்போடும் கண்ணு?" என்றார். முழங்கையில் நீலம் நீலமாகக் கன்றியிருந்ததைப் பார்த்துத்தான் டாக்டர் நிறுத்தச் சொன்னார். இத்தகைய மாத்திரைகளால் ஈரல் வீங்கியவர்களும் உண்டு. சமையல் மஞ்சளுக்கு இந்தக் கவலை வேண்டாம்.

தூள் பளிச்சென்று இருந்தால் சத்து அதிகம் என்று வாங்குவதையும் விடுங்க. வங்கதேசத்தில் நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலந்ததை 2019இல் கண்டுபிடித்தார்கள். ஈயம் மூளையைத்தான் கெடுக்கும். எங்க வீட்டில் விரலியாக வாங்கி, ஒடித்துப் பார்த்து, மில்லில் அரைத்துக்கொள்கிறோம்.