நாகர்கோவில் நெரிசலைத் தவிர்த்து, மலையோரமாகத் திற்பரப்புக்கு

திருநெல்வேலியிலிருந்து காரில் கன்னியாகுமரி மாவட்டத்துத் திற்பரப்பு அருவிக்கு வருவோர் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வழியே நெரிசலில் ஊர்ந்து செல்ல வேண்டியதில்லை. காவல்கிணற்றிலிருந்து முப்பந்தல் காற்றாலைகளைக் கடந்து, ஆரல்வாய்மொழி, தோவாளை வரை வந்தபின், செண்பகராமன்புதூர் வழியாகப் பூதப்பாண்டிக்குத் திரும்பி, திட்டுவிளை, அழகியபாண்டியபுரம், சுருளோடு, குலசேகரம் என மலையடிவாரத்தை ஒட்டியே பயணத்தைத் தொடரலாம்.

கைபேசி வரைபடம் பெரும்பாலும் விரைவான பாதையையே காட்டும் என்பதால், பூதப்பாண்டியையும் சுருளோட்டையும் இடைநிறுத்தங்களாக முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள். தோவாளைப் பூச்சந்தையைக் காண விரும்பினால் விடியற்காலையில் வந்துசேருங்கள். பள்ளிப் பேருந்துகள் புறப்படும் முன்பே சிற்றூர்களையும் தாண்டிவிடலாம்.

வயல்கள் முடிந்து ரப்பர் தோட்டங்கள் தொடங்கும் பகுதிதான் இவ்வழியின் அழகே. சீவிய பட்டையிலிருந்து வெண்ணிறப் பால் சிரட்டைக்குள் சொட்டுச் சொட்டாக வடிவதை, வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவசியம் பாருங்கள், ஆனால் தோட்டத்துக்குள் அனுமதியின்றி நுழையாதீர்கள். சாலை குறுகலானது, வளைவுகளும் அதிகம். ஆகவே இருட்டுவதற்குள் குலசேகரத்தை அடைந்துவிடுவது நல்லது.

தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் இம்மாவட்டத்தில் பெய்வதால், கனமழை நாட்களில் திற்பரப்பு அருவியில் குளிக்க அனுமதி உண்டா என்பதைப் புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.