அரச கல்லறையைத் திறந்தபின் செய்யக் கூடாதவை: துட்டன்காமன் கல்லறையை முன்வைத்து

1922 நவம்பர் 4 அன்று எகிப்தின் அரசர்களின் பள்ளத்தாக்கில் பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டரின் ஆட்கள், பழங்கால எகிப்திய அரசர் துட்டன்காமனின் கல்லறைக்கு இறங்கும் முதல் படியைக் கண்டார்கள். உள்ளிருந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களை வெளியே எடுத்து முடிக்கப் பத்து ஆண்டுகள் ஆயின. அத்தனை நிதானமாக நடந்த வேலையிலும் சில இழப்புகளைத் தடுக்க முடியவில்லை.

பதிவு செய்வதற்கு முன் எதையும் நகர்த்தக் கூடாது. கார்ட்டர் குழு இதைச் சரியாகவே செய்தது. ஒவ்வொரு பொருளுக்கும் எண் அட்டை வைத்து, ஹாரி பர்ட்டன் படம் எடுத்து, குறிப்பும் எழுதிய பிறகே கை வைத்தார்கள். அந்தப் படங்கள் பல பத்தாண்டுகள் கழித்து வேறொரு விதத்தில் உதவின. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று நம்பித் தூக்குவது அடுத்த தவறு. மணி கோத்த செருப்புகள் புதிது போலக் கிடந்தன. ஆனால் நூல் இற்றுப்போயிருந்ததால், எடுத்தால் கையில் வெறும் மணிதான் மிஞ்சும். எனவே உருக்கிய பாரஃபின் மெழுகை மேலே ஊற்றி, ஓரிரு மணி நேரம் இறுக விட்டு எடுத்தார்கள். அன்றைக்கு வேறு வழி இல்லைதான். ஆனால் மெழுகு நிறத்தை மங்கச் செய்யும், தூசியையும் பிடித்துக்கொள்ளும். பின்னாளில் சேதமின்றி நீக்க முடியுமா என்று கேட்காமல் எதையும் பூசாதீர்கள்.

பெரிய இழப்பு அரசரின் உடலுக்கு நேர்ந்தது. சடங்கில் ஊற்றிய தைலமும் பிசினும் இறுகி, மம்மியையும் அதன் முகத்தை மூடியிருந்த பொன் முகக்கவசத்தையும் சவப்பெட்டியோடு ஒட்டிவிட்டன. வெயிலில் சுமார் 65 டிகிரி செல்சியஸ் வரை காய வைத்தும் பிசின் இளகவில்லை. 1925 நவம்பரில் உடலைத் துண்டுகளாகப் பிரித்தார்கள். கவசத்திலிருந்து தலையை விடுவிக்கச் சூடேற்றிய கத்திகளைப் பயன்படுத்தினார்கள். ஒட்டியிருப்பது எந்தப் பொருள், எது அதைக் கரைக்கும் என்று சோதிக்கும் வரை உடலை அப்படியே விட்டிருக்கலாம் என்றே இன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒட்டுப் பசையில் செய்த பிழை அண்மைக் காலத்தது. 2014 ஆகஸ்டில் முகக்கவசத்தின் தாடி கழன்றது. அவசரமாக எபாக்சி என்ற செயற்கைப் பசையைத் தடவி ஒட்டினார்கள். எபாக்சி இறுகினால் எளிதில் போகாது. வழிந்ததைச் சுரண்டியதில் கீறலும் விழுந்தது. 2015 இறுதியில் வல்லுநர்கள் மெல்லச் சூடேற்றி, மரக் கருவிகளால் அதை நீக்கி, தேன்மெழுகு வைத்துத் தாடியைப் பொருத்தினார்கள். பழங்காலக் கைவினைஞர்களும் தேன்மெழுகைப் பயன்படுத்தியவர்கள்தாம்.

வேலையைப் பாதியில் விடுவதும் ஆபத்து. 1924-இல் எகிப்திய அரசாங்கத்தோடு கார்ட்டருக்கு ஏற்பட்ட தகராறில் பணி நின்றபோது, பொன்முலாம் பூசிய வெண்கலப் பூக்கள் தைத்த லினன் திரை மூடப்படாமல் வெளியே கிடந்து பாழானது. மரம், துணி, தோல் எதுவும் வெயிலையும் காற்றையும் தாங்காது.

கடைசியாக, சுவரில் தெரியும் பழுப்புப் புள்ளிகள். பூஞ்சை பரவுகிறது என்று பயந்து அவற்றைக் கழுவவோ சுரண்டவோ கூடாது. பர்ட்டனின் படங்களோடு ஒப்பிட்டபோது, புள்ளிகள் அன்றிருந்த அளவிலேயே இருப்பது தெரிந்தது. பூஞ்சை செத்துவிட்டது, கறை மட்டும் வண்ணத்துக்குள் இறங்கிவிட்டது. அதைத் தேய்த்தால் ஓவியமும் சேர்ந்து போகும் என்பதால் புள்ளிகளை அப்படியே விட்டுவிட்டு, பார்வையாளர்களின் மூச்சு ஈரத்தையும் தூசியையும் குறைக்க வடிகட்டிய காற்றோட்டம் அமைத்திருக்கிறார்கள்.