வீட்டுக் கணினிக்கு டேப் டிரைவ்: பழையதை ஏமாறாமல் வாங்குவது எப்படி?

டேப் டிரைவ் என்பது காந்த நாடாவில் (டேப்) டேட்டாவை எழுதிப் படிக்கும் கருவி. வாங்கும் முன் முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். பத்திரப்படுத்த வேண்டிய படம், வீடியோ எல்லாம் சேர்ந்து நாலைந்து டெராபைட்டுக்குள் அடங்குமா? அப்படியானால் டேப்பை மறந்துவிட்டு இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். டேப் மலிவுதான், டிரைவ்தான் யானை விலை. அதையும் தாண்டி டேட்டா குவிகிறவர்கள் மேலே படிக்கலாம்.

படி 1: தலைமுறை
இன்று வாங்கத் தகுந்தது எல்டிஓ என்ற டேப் வகைதான்; பெயருக்குப் பின்னால் வரும் எண் அதன் தலைமுறை. புதிய தலைமுறை டிரைவ்கள் லட்சங்களில் விற்கின்றன; வீட்டுக்குப் பழைய எல்டிஓ-5 அல்லது 6 போதும். ஐந்துக்குக் கீழே இறங்க வேண்டாம். டேப்பைப் பென்டிரைவ் போலத் திறந்து ஃபைல்களைப் பார்க்க உதவும் எல்டிஎஃப்எஸ் வசதி ஐந்தில்தான் வந்தது. எல்டிஓ-5 டேப்பின் அட்டையில் 3 டெராபைட் என்று இருக்கும், நம்பாதீர்கள். அது சுருக்கி எழுதினால் வரும் கணக்கு. படமும் வீடியோவும் ஏற்கெனவே சுருங்கியவை என்பதால் கையில் கிடைப்பது 1.5 டெராபைட்தான். ஆறில் 2.5.

படி 2: இணைப்பு
‘சாஸ்’ (சர்வர்களில் டிஸ்க், டேப் இணைக்கும் முறை) இணைப்புள்ள, தனிப் பெட்டியில் வரும் டிரைவாகப் பாருங்கள். வீட்டு மதர்போர்டில் சாஸ் இருக்காது. வெளிப்புற போர்ட் உள்ள ஹெச்பிஏ கார்டும் (சாஸ் கருவியைக் கணினியோடு இணைப்பது) கேபிளும் தனியாக வாங்க வேண்டும். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் ரெய்டு கார்டு வேண்டாம். அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறதே என்று டேட்டா சென்டர்களுக்கான ஃபைபர் சேனல் இணைப்புள்ள டிரைவை வாங்கினால் தலைவலிதான். முன்பக்கம் டேப்பை வெளியே எடுக்கும் பட்டன் இல்லையென்றால், டேப்புகளைத் தானே மாற்றிப் போடும் ரோபோ லைப்ரரியிலிருந்து கழற்றியதாக இருக்கலாம், அதையும் தவிர்த்துவிடுங்கள். விண்டோஸ்காரர்கள் தங்கள் பதிப்புக்கு எல்டிஎஃப்எஸ் மென்பொருள் உண்டா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். லினக்ஸில், பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டும் ‘டார்’ கட்டளை போதும்.

படி 3: சோதனை
இதில்தான் நான் கோட்டைவிட்டேன். முதல் டிரைவ் அழகாக எழுதியது, ஆறு மாதம் கழித்துப் படிக்கச் சொன்னால் பாதியில் நின்றுவிட்டது. அதனால், திருப்பித் தரும் அவகாசம் முடிவதற்குள் ஒரு புது டேப்பை முழுக்க நிரப்புங்கள். எல்டிஓ-5 என்றால் நொடிக்கு 140 மெகாபைட் வீதம் மூன்று மணி நேரம் ஆகும். காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஒரே சீராக ஓடினால் நல்லது. நின்று, பின்னால் சுற்றி, மறுபடி ஓடினால் பெரும்பாலும் குற்றம் டிரைவில் இல்லை. உங்கள் டிஸ்க் வேகமாக ஊட்டவில்லை. சின்னச் சின்ன ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இப்படி ஆகும். டேப்பும், அதைப் படித்து எழுதும் ஹெட்டும் தேய்ந்துபோகும். அந்தச் சின்ன ஃபைல்களை ஒரே ‘டார்’ ஃபைலாக எஸ்எஸ்டியில் கட்டி வைத்துவிட்டு எழுதுங்கள்.

அப்புறம் முழுவதையும் வேறொரு ஃபோல்டருக்குத் திரும்ப இறக்கி, செக்சம் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். க்ளீனிங் விளக்கு எரிந்தால் க்ளீனிங் கேட்ரிட்ஜைப் போடுங்கள். சும்மா சும்மா போட்டால் ஹெட் தேயும்.

எல்லாம் சரியென்றால், கேட்ரிட்ஜ் ஓரத்தில் இருக்கும் குட்டித் தாழ்ப்பாளைப் பூட்டுப் பக்கம் தள்ளிவிடுங்கள். இனி அதன்மேல் தவறுதலாகக்கூட எழுத முடியாது.