மலைத் தோட்டத்துக்கு ஜெனரேட்டர்: எங்கே தப்பு நடக்கிறது?

கரண்டு லைன் எட்டாத மாந்தோப்பு, மலை மேல் தோட்டத்து வீடு, காய் பறிக்கும் பருவத்தில் காவல் கொட்டகை என்று தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டருக்கு வேலை நிறைய. வாங்கும்போது கணக்கில் விடுகிற பிழைதான் பின்னால் மோட்டாரையும் சேர்த்துக் கெடுக்கிறது.

1 ஹெச்.பி. என்றால் 746 வாட், ஆகவே 1 கே.வி.ஏ. (ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் அளவு, 1,000 வோல்ட்-ஆம்பியர்) போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 746 வாட் என்பது மோட்டார் செய்யும் வேலை. அதற்காக அது இழுப்பது 1,000 வாட்டுக்கு மேல். அதுவும் ஓட ஆரம்பித்த பிறகு. ஸ்டார்ட் ஆகும் ஒன்றிரண்டு நொடியில் 3 முதல் 5 மடங்கு ஆம்பியர் இழுக்கும். ஜெனரேட்டர் சின்னதாக இருந்தால் அந்த நொடியில் வோல்டேஜ் விழும். மோட்டார் சுற்றாமல் உறுமிக்கொண்டு நிற்கும். உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் சூடேறிக் கருகும். 1 ஹெச்.பி. போர் மோட்டாருக்கு 4 கே.வி.ஏ.வுக்குக் குறையாமல் பாருங்கள். மோட்டாரை முதலில் போட்டு, அது சீராக ஓடிய பிறகு லைட், ஃபேன் போட வேண்டும்.

பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் அதிகபட்சத் திறன். அதில் தொடர்ந்து ஓட்ட முடியாது. தகட்டில் 'ரேட்டட்' என்று போட்டிருக்கும் எண்தான் கணக்கு. அதிலும் முக்கால் பங்குக்கு மேல் மணிக்கணக்கில் ஏற்றாதீர்கள்.

நம் பக்கத்தில் இன்னொரு கழிவும் உண்டு, கடைக்காரர்கள் அதைச் சொல்வதே இல்லை. மேலே போகப்போகக் காற்று மெலியும், இன்ஜினின் இழுவையும் குறையும். 300 மீட்டருக்குச் சுமார் 3.5 சதவீதம். ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். அங்கே 10 சதவீதம் போய்விடும். வத்தல்மலை போன்ற இடங்களில் இன்னும் கூடுதல். அங்கே அதே மோட்டாருக்கு 5 கே.வி.ஏ. வாங்குவதுதான் சரி.

ஜெனரேட்டர் சத்தம் கேட்கக் கூடாது என்று தூரத்தில் வைத்து மெல்லிய ஒயர் இழுப்பதும் மோட்டாரைக் கொல்லும். 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் 50 மீட்டர் போனால், போய்வரும் இரண்டு கம்பிக்கும் சேர்த்து ரெசிஸ்டன்ஸ் சுமார் 1.2 ஓம். ஸ்டார்ட்டில் 25 ஆம்பியர் இழுத்தால் அங்கேயே 30 வோல்ட் காலி. 4 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 12 வோல்ட் அளவில் நிற்கும்.

இனி சொல்லும் இரண்டும் உயிர் சம்பந்தப்பட்டவை. லைன் இருக்கிற வீட்டில், கரண்டு போன நேரத்தில் ஜெனரேட்டர் ஒயரை சுவர் பிளக்கில் சொருகினால், அந்த மின்சாரம் மீட்டர் வழியாக வெளியே ஓடி டிரான்ஸ்ஃபார்மரில் உயர் அழுத்தமாக மாறும். லைன் செத்திருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் மேல் அது பாயும். லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டோடு சேர்க்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு ஒயரிங்கில் இணைக்கவே கூடாது.

மழைக்குப் பயந்து திண்ணையிலோ ஷெட்டுக்குள்ளோ வைத்து ஓட்டுவது இரண்டாவது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, மயக்கம், அதோடு உயிரே போய்விடும். தூங்குகிறவருக்கு அந்தத் தலைவலிகூடத் தெரியாது. ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்பது தப்பு. வீட்டிலிருந்து 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் வீட்டைப் பார்க்காதபடி, நாலு பக்கமும் திறந்த தகரக் கூரைக்கு அடியில் வையுங்கள்.

பராமரிப்பில் ஆயில்தான் முதல். புது மெஷினில் முதல் 20 மணி நேரத்திலேயே ஆயில் மாற்ற வேண்டும், உள்ளே தேய்ந்த இரும்புத் துகள் அதில் இருக்கும். அதன்பிறகு 50 முதல் 100 மணிக்கு ஒருமுறை. சரிவில் வைத்தால் ஆயில் ஒருபக்கம் ஒதுங்கும். ஆயில் இருந்தும், ஆயில் குறைவைக் கவனிக்கும் சென்சார் இன்ஜினை நிறுத்திவிடும். மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் சமதளத்தில் வைத்துப் பாருங்கள். கிரானைட் குவாரித் தூசி படியும் ஊர்களில் ஸ்பாஞ்ச் ஏர் ஃபில்டரை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் முழுக்கக் காயவைத்து, சில சொட்டு இன்ஜின் ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டுங்கள்.

ஓடிச் சூடான இன்ஜினில் பெட்ரோல் ஊற்றாதீர்கள். 15 நிமிடம் ஆறட்டும். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருப்பதால் ஈரத்தை உறிஞ்சும். மாங்காய்ப் பருவம் முடிந்து டேங்கில் பெட்ரோலோடு மூலையில் போட்டால், அடுத்த பருவத்தில் கார்புரேட்டர் ஜெட் (பெட்ரோல் போகும் சின்னத் துளை) பிசின் பிடித்து அடைத்திருக்கும். ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப் போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்து, பெட்ரோல் வால்வை மூடிவிட்டு இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓட்டி, கார்புரேட்டர் அடியில் இருக்கும் டிரெயின் ஸ்க்ரூவைத் திறந்து மிச்சத்தையும் வடித்துவிடுங்கள்.